வெளிறினாலும் உயிருண்டு

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் முக்குளித்தவர்கள் வழக்கத்துக்கு மாறான ஒரு காட்சியைக் கண்டார்கள். அங்குள்ள பவளங்கள் எப்போதும் பழுப்பும் பச்சையுமாக, கலங்கிய நீருக்கடியில் மங்கலாகவே தெரியும். அன்றோ அவை சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்த ஜூலையில், சிங்கப்பூர்க் கடலிலுள்ள பவளக் கூட்டங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை நிறம் இழந்திருந்தன.

பார்ப்பதற்கு அது அழகாகவே இருந்தது. ஆனால் அது நோயாளியின் முகத்தில் தெரியும் வெளுப்பைப் போன்றது. பவளப்பாறைகளை அறியாத ஒருவர் அந்த வெள்ளைக் காட்டைப் பார்த்தால், எல்லாம் இறந்துவிட்டன என்றே நினைப்பார். அது உண்மையன்று. வெளிறிய பவளம் இறந்த பவளம் ஆகாது. அது பசியோடு காத்திருக்கும் பவளம். அது பிழைப்பதும் மடிவதும் அடுத்து வரும் சில வாரங்களைப் பொறுத்தது.

பவளம் என்றதும் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருவது நகையில் பதிக்கும் சிவப்பு மணிதான். நவமணிகளுள் ஒன்றான அந்தப் பவளம், கடலில் வெளிச்சம் குறைந்த இடங்களில் வளரும் வேறொரு வகை உயிரினத்திலிருந்து கிடைப்பது. வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில் பாறையாக வளர்ந்து நிற்கும் பவளங்களின் வாழ்க்கைமுறை வேறு. இவற்றை முருகைக்கல் என்றும் அழைப்பதுண்டு. கல் என்ற பெயர் இருந்தாலும் இவை கல் அல்ல, செடியும் அல்ல, விலங்குகள். கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவுக்காரர்கள்.

ஒரு பவளக் கூட்டத்தை உற்றுப் பார்த்தால் அதன் மேற்பரப்பு முழுவதும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பாலிப் வாழ்கிறது. பெரும்பாலான பாலிப்புகள் சில மில்லிமீட்டர் அகலமே உடையவை. மென்மையான உடல், நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள்; அவ்வளவுதான் அதன் உடலமைப்பு. கடல்நீரிலுள்ள கால்சியத்தை எடுத்து அது தனக்கடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது. ஆயிரக்கணக்கான பாலிப்புகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கூடுகளே பவளப்பாறை.

இவ்வளவு சிறிய உயிர் இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்புவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பாலிப்பின் தசைக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றை உயிரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுரச் சென்டிமீட்டர் பரப்பில் இத்தகைய பாசிகள் பல லட்சம் இருக்கும். பவளம் அவற்றுக்கு இருக்க இடமும் கரியமில வாயுவும் சத்துப்பொருள்களும் தருகிறது. பாசிகளோ சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையைத் தயாரித்து, அதில் பெரும்பகுதியை வாடகைபோலப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்படிக் கிடைக்கும். பவளங்களின் பழுப்பும் பச்சையும் கூடப் பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரர்களின் நிறந்தான்.

கடல் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இந்த ஒப்பந்தம் முறிகிறது. வெப்பமும் கடும் வெயிலும் சேர்ந்து தாக்கினால், பாசிகளின் ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. சர்க்கரைக்குப் பதிலாக, உயிரணுக்களை அரிக்கும் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. குடித்தனக்காரரின் அடுப்பே வீட்டுக்குத் தீ வைப்பது போன்ற நிலை அது. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அவரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பவளமும் அதைத்தான் செய்கிறது. பாசிகள் போனபின் எஞ்சுவது கண்ணாடிபோன்ற தசை. அதன் ஊடாக அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. இதையே பவளம் வெளிறுதல் என்கிறோம்.

இதற்கு மிகப்பெரிய வெப்பம் தேவையில்லை என்பதுதான் கவலைக்குரியது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தில் வழக்கமாக இருக்கும் வெப்பநிலையைவிட ஒரே ஒரு பாகை செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். மனித உடலின் வெப்பம் 37 பாகையிலிருந்து 38 பாகைக்கு ஏறினால் காய்ச்சல் என்கிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான். அறிவியலாளர்கள் செயற்கைக்கோள்களின் மூலம் கடல்நீரின் வெப்பத்தை அளந்து, எவ்வளவு கூடியது, எத்தனை வாரம் நீடித்தது என்ற இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு பாகை கூடுதல் வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் ஒரு புள்ளி. நான்கு புள்ளிகள் சேர்ந்தால் பவளங்கள் வெளிறத் தொடங்கும். எட்டுப் புள்ளிகள் சேர்ந்தால் பல பவளங்கள் இறக்கவும் தொடங்கும். ஆகவே, வெப்பம் எவ்வளவு உயர்ந்தது என்பதோடு எப்போது தணிந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளிறிய பவளம் அந்த வாரங்களை எப்படிக் கடத்துகிறது?

முதலில், வேட்டையாடுகிறது. பாலிப்பின் உணர்கொம்புகளில் நுண்ணிய கொட்டும் உறுப்புகள் உள்ளன. நீரில் மிதந்துவரும் விலங்கு மிதவை உயிர்களை அவற்றால் பிடித்துத் தின்ன முடியும். வழக்கமாகப் பவளத்துக்கு இது கூடுதல் தீனி. வாடகை நின்றுபோன காலத்தில் இதுவே சோறு. சில வகைப் பவளங்கள் வெளிறிய பிறகு முன்பைவிட அதிகமாக வேட்டையாடித் தம் பசியைத் தீர்த்துக்கொள்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லா வகைகளாலும் அது முடிவதில்லை.

இரண்டாவது, சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது. நல்ல காலத்தில் பவளம் தன் தசையில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். உருண்டைப் பாறைபோல் வளரும் போரைட்ஸ் போன்ற பவளங்களுக்குத் தசை தடிப்பானது, சேமிப்பும் அதிகம். மான்கொம்புபோல் கிளைத்து வளரும் அக்ரோபோரா வேகமாக வளரும். ஆனால் அதன் தசை மெல்லியது. அதனால் பொதுவாக வெப்பம் தாக்கும்போது முதலில் மடிவது கிளைப்பவளந்தான். சம்பளத்தை எல்லாம் வீடு கட்டுவதிலேயே செலவழித்தவருக்கும், மெதுவாகக் கட்டிக்கொண்டு கொஞ்சம் சேர்த்தும் வைத்தவருக்கும் உள்ள வேறுபாடு இது.

இன்னொரு தற்காப்பு வியப்பூட்டுவது. சில பவளங்கள் வெளிறும்போது வெள்ளையாகாமல் ஊதா, நீலம், இளஞ்சிவப்பு என்று மின்னும் நிறங்களைக் காட்டுகின்றன. பாசிகள் போய்விட்டதால் வெயில் நேராகத் தசைக்குள் பாய்கிறது. அதைத் தடுக்கப் பவளம் நிறப்புரதங்களை மிகுதியாகச் சுரந்து தனக்குத் தானே நிழல் செய்துகொள்கிறது. அந்த நிழலில் பாசிகள் மீண்டும் வந்து குடியேறுவதும் எளிதாகிறது.

கடல் தணிந்துவிட்டால், தசையில் மறைந்திருந்த சில பாசிகள் பெருகத் தொடங்கும். நீரிலிருந்தும் புதியவை வந்து சேரும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நிறம் திரும்பும். சில நேரங்களில் திரும்பி வருபவை பழைய பாசிகளாக இருப்பதில்லை. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேறு வகைப் பாசிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பவளத்துக்கு இது நன்மையே. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பாசிகள் கொடுக்கும் வாடகை குறைவு. எனவே பவளம் மெதுவாகவே வளர்கிறது.

நிறம் திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. பெருநோயிலிருந்து எழுந்தவர் மறுநாளே ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்வதில்லை. வெளிறி மீண்ட பவளம் சில காலம் மெதுவாக வளரும். நோய்களுக்கு எளிதில் இரையாகும். அடுத்த பருவத்தில் முட்டையிடாமலும் போகலாம். வெளியே தெரியாத இந்த இழப்புத்தான் பின்னர் பாறை முழுவதையும் பாதிக்கிறது.

ஒருமுறை வெப்பத்தைத் தாங்கிய பவளங்கள் மறுமுறை கூடுதலாகத் தாங்குமா? இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஒரு விடை தென்கிழக்காசியாவிலேயே கிடைத்தது.

1998ஆம் ஆண்டு, உலகெங்கும் பவளங்கள் வெளிறிய முதல் பெரிய நிகழ்வு ஏற்பட்டது. எல் நினோ என்னும் பருவநிலை மாற்றத்தால் கடல்கள் சூடாகியிருந்தன. சிங்கப்பூரிலும் மலேசியாவின் தியோமான் தீவிலும் பவளங்கள் வெளிறின. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2010இல் மீண்டும் அதே நிலை. மலேசியாவில் சில முக்குளிப்புத் தளங்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. நலிந்திருக்கும் பவளங்களைச் சுற்றுப்பயணிகளின் கால்களும் படகுகளும் மேலும் துன்புறுத்தக்கூடாது என்பதே காரணம்.

அந்த ஆண்டில் ஆய்வாளர் குழு ஒன்று மூன்று இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்று சிங்கப்பூர், இன்னொன்று தியோமான், மூன்றாவது இந்தோனேசியாவில் சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் உள்ள வே தீவு. மூன்று இடங்களிலும் வெப்பத்தின் தாக்கம் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது. விளைவோ முற்றிலும் மாறுபட்டது. வே தீவில் அக்ரோபோரா கூட்டங்களில் 94 விழுக்காடு மடிந்தன. போசிலோபோரா என்னும் மற்றொரு கிளைப்பவளத்தில் 87 விழுக்காடு மடிந்தன. பாடநூல்கள் சொல்வதும் இதுதான்: கிளைப்பவளம் முதலில் சாகும். ஆனால் சிங்கப்பூரில் மடிந்த அக்ரோபோரா 5 விழுக்காடு மட்டுமே. போசிலோபோரா 12 விழுக்காடு. மிகவும் நலிந்தவை என்று கருதப்பட்ட பவளங்களே இங்கு உறுதியாக நின்றன.

முதலில் தோன்றும் விளக்கம் சிங்கப்பூரின் கலங்கிய நீர். கடலில் மிதக்கும் வண்டல், குடைபோல் வெயிலை மறைக்கிறது. எனவே பவளங்கள் தப்பின என்று கூறலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தியோமானின் கடல் தெளிவானது. அங்கும் பாதிப்புக் குறைவாகவே இருந்தது. ஆகவே குடை மட்டும் காரணமாக இருக்க முடியாது. தியோமானுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக இருந்தது, வே தீவுக்கு இல்லாத ஒரு பழைய அனுபவம்: 1998ஆம் ஆண்டின் வெளிறல். அத்துடன், இவ்விரு இடங்களிலும் கடல்நீரின் வெப்பம் ஆண்டுதோறும் கூடியும் குறைந்தும் வந்திருந்தது. ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய பவளங்கள் அவை.

1998இல் வெப்பத்தைத் தாங்க முடியாத பவளங்கள் மடிந்து, தாங்கக்கூடியவை மட்டும் எஞ்சி, அவற்றின் சந்ததி 2010இல் நின்றிருக்கலாம். அல்லது, உயிர் பிழைத்த பவளங்களே தம் உடலைப் புதிய சூட்டுக்குப் பழக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தச் செய்தி நம்பிக்கை தருவதுதான். எனினும், முதல் விளக்கத்தில் மறைந்திருக்கும் கணக்கை மறக்கக்கூடாது. நலிந்தவை இறந்ததால்தான் வலியவை மட்டும் எஞ்சின. அந்தப் பாடத்துக்கான கட்டணம் உயிர்களாகவே செலுத்தப்பட்டது.

இதுவரை கண்டது ஒரு தனிப் பவளக் கூட்டம் எப்படித் தப்புகிறது என்பது. பல கூட்டங்கள் மடிந்தபின் ஒரு பாறை முழுவதும் எப்படி மீள்கிறது என்பது வேறு கதை. காய்ச்சல் கண்ட ஒருவர் எழுந்து உட்காருவதற்கும், வெறிச்சோடிய ஊரில் மீண்டும் மக்கள் குடியேறுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

மடிந்த பவளத்தின் வெள்ளைக்கூட்டின்மேல் சில நாள்களிலேயே இழைப்பாசி படரும். அதை மேய்வதற்குக் கிளிமீன் போன்ற மீன்களும் கடல் முள்ளெலிகளும் இல்லையென்றால், புதிய பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டிக்கொள்ள இடமிருக்காது. மேய்பவை இருந்தால் இடம் சுத்தமாகும். இடம் சுத்தமாக இருந்தால் குஞ்சுகள் வரவேண்டும். அவை வருவது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒரு திருவிழாவில்.

சிங்கப்பூரில் அந்தத் திருவிழா ஏப்ரல் மாத முழுநிலவை ஒட்டி நடக்கிறது. முழுநிலவு கழிந்த மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள், பல வகைப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டைகளையும் விந்தணுக்களையும் இளஞ்சிவப்பு நிற மணிகளாக நீரில் விடுகின்றன. மணிகள் மேலே மிதந்து உடைந்து கலக்கின்றன. உலகின் பரபரப்பான துறைமுகங்களுள் ஒன்றான இந்தக் கடலில், சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டிருக்கும் இடத்துக்கு அருகிலேயே இது நிகழ்கிறது என்பது 2002ஆம் ஆண்டளவில்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. கருவுற்ற முட்டையிலிருந்து பிளானுலா என்னும் இளம் உயிர் பிறக்கும். கடுகைவிடச் சிறிய அது சில நாள்கள் நீரோட்டத்தில் மிதந்து, ஏற்ற இடத்தைக் கண்டதும் ஒட்டிக்கொண்டு முதல் பாலிப்பாக மாறும். பெரும்பாலானவை அதற்குள் இரையாகிவிடும். ஒட்டிக்கொண்டவற்றிலும் சிலவே வளரும்.

இந்த வழியில் ஒரு பாறை மீள எவ்வளவு காலம் ஆகும்? ஆஸ்திரேலியாவின் வடமேற்கே, கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்காட் பாறை என்னும் பவளத்திட்டு உள்ளது. 1998இல் அது தன் பவளங்களில் பெரும்பகுதியை இழந்தது. அருகில் வேறு பாறைகள் இல்லாததால் வெளியிலிருந்து குஞ்சுகள் மிதந்துவர வாய்ப்பில்லை. அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் எஞ்சிய கொஞ்சம் பவளங்களே முதலில் வளர்ந்து, பின்பு முட்டையிட்டு, பாறையை நிரப்பின. கடற்பரப்பில் 9 விழுக்காடாகக் குறைந்திருந்த பவளம் பன்னிரண்டு ஆண்டுகளில் 44 விழுக்காடாக உயர்ந்தது. கழிவுநீரோ வண்டலோ இல்லாத தூய நீரும், பாசியை மேயும் மீன்கள் குறையாமல் இருந்ததும் அதற்கு உதவின. தொலைவு பாதகம் என்று கருதப்பட்டது. மனிதர்களிடமிருந்து தொலைவு என்பது சாதகமாக முடிந்தது.

சிங்கப்பூருக்கு அந்தத் தொலைவு இல்லை. 1960களிலிருந்து நடந்த நிலமீட்புப் பணிகளில் பவளப்பாறைகளில் பாதிக்கும் மேலானவை மண்ணுக்கடியில் போய்விட்டன. கடலடியில் பத்து மீட்டர் தொலைவுவரை தெரிந்த காலம் போய், இன்று இரண்டு மீட்டர் தெரிந்தாலே நல்ல நாள் என்றாகிவிட்டது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் இங்கே வாழ்கின்றன. உலகில் உள்ள வகைகளில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இந்தப் பாறைகளை 1986 முதல் 27 ஆண்டுகள் அளந்துவந்த ஓர் ஆய்வு, ஒரே பாறைக்குள் இரண்டு வெவ்வேறு கதைகளைக் காட்டியது. மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் இருந்த பவளங்கள் பாதிப்புக்குப் பின் பத்தாண்டுகளுக்குள் பழைய நிலையை நோக்கித் திரும்பின. ஆறு, ஏழு மீட்டர் ஆழத்தில் அப்படி நடக்கவில்லை. பவளம் இருந்த இடங்களை வண்டலும் உடைந்த துண்டுகளும் பிடித்துக்கொண்டன. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மாடியின் உயரந்தான். மேலே வெயிலை மட்டுப்படுத்திப் பவளத்தைக் காக்கும் அதே கலங்கல், கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சமே கிடைக்காமல் செய்துவிடுகிறது. கலங்கிய நீரைக் குடை என்று புகழ்வோர் இந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஸ்காட் பாறைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். சிங்கப்பூரின் ஆழம் குறைந்த பகுதிக்குப் பத்தாண்டுகள். பவளப்பாறைகள் மீளத் தெரிந்தவை என்பதை இவை காட்டுகின்றன. அவற்றுக்கு இப்போது இல்லாதது காலம்.

சிங்கப்பூரில் பவளங்கள் பெருமளவில் வெளிறிய ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம்: 1998, 2010, 2016, 2024. இடைவெளிகள் பன்னிரண்டு, ஆறு, எட்டு. இது ஓரிடத்தின் நிலை மட்டுமன்று. உலகின் 100 பவளப் பகுதிகளை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1980களின் தொடக்கத்தில் 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்த கடும் வெளிறல், இப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது என்று கண்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டிலோ 2016, 2017, 2020, 2022, 2024 என ஒன்பது ஆண்டுகளுக்குள் ஐந்து முறை பவளங்கள் வெளிறின. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காம் வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவியலாளர்கள் அறிவித்தனர். பன்னிரண்டு ஆண்டுகளில் உயிர்த்தெழுந்த ஸ்காட் பாறையும் 2016இல் மீண்டும் வெளிறியது.

கடல் சூடாவதற்குக் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு. பூமி பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள்தான் போகிறது. உலகின் சராசரி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு வரை அழியக்கூடும் என்றும், 2 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய அனைத்துமே அழியக்கூடும் என்றும் ஐக்கிய நாடுகளின் பருவநிலை அறிவியல் குழு கணித்துள்ளது. அந்த அரைப் பாகைதான் பவளங்களுக்கு வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கும்.

இதற்கிடையே, காலத்தைச் சற்றுக் கூட்டித்தர மனிதர்கள் முயல்கிறார்கள். சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை நடும் திட்டத்தை 2023இல் அறிவித்து, 2024 டிசம்பரில் தொடங்கியது. அது குறைந்தது பத்தாண்டுகள் நடக்கும். மரக்கிளையை வெட்டிப் பதியன் போடுவதுபோலவே பவளத்தையும் வளர்க்கலாம். உடைந்து விழுந்த துண்டுகளை எடுத்து, நாற்றங்கால் போன்ற சட்டங்களில் பொருத்தி, வண்டல் படியாமல் பராமரிப்பார்கள். போதிய அளவு வளர்ந்தபின் அவற்றைப் பாறையில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். வெப்பத்தைத் தாங்கிய பவளங்களின் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதும் உலகின் பல இடங்களில் ஆராயப்படுகிறது.

இது பொறுமையும் கைப்பழக்கமும் தேவைப்படும் வேலை. ஒவ்வொரு துண்டாக, நீருக்கடியில், மூச்சுக்காற்றுத் தீர்வதற்குள் செய்யவேண்டும். ஒரு லட்சம் என்பது அதனால்தான் பெரிய எண். ஆனால் கடலின் அளவோடு ஒப்பிட்டால் அது சிறிய எண். நட்டவையும் அடுத்த வெப்பத்தைச் சந்திக்கவேண்டியவையே. நடுவது ஒருபுறம் இருக்க, வண்டலைக் குறைப்பதும், பாசி மேயும் மீன்களைக் காப்பதும், வெளிறிய காலத்தில் படகுகளைத் தள்ளி நிறுத்துவதும் அதே அளவுக்கு உதவுகின்றன. 1998இலும் 2010இலும் உயிரோடு எஞ்சிய பழைய பவளம் ஒன்றைக் காப்பது, புதிதாகப் பலவற்றை நடுவதைவிட மேலானதாகவும் இருக்கலாம். அதன் முட்டைகளில்தான் வெப்பத்தைத் தாங்கும் தன்மை இருக்கிறது.

முட்டைகளைப் பற்றிய ஒரு சிறு கணக்கு இங்குத் தேவைப்படுகிறது. ஓர் அக்ரோபோரா குஞ்சு பாறையில் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து, தானே முட்டையிடும் அளவுக்கு வளர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். 2016ஆம் ஆண்டின் வெப்பம் தணிந்தபின், 2017 ஏப்ரலின் முழுநிலவுக்குப் பிறகு தென்தீவுகளில் ஒரு குஞ்சு ஒட்டியிருந்தால், அது முதன்முறையாக முட்டையிட்டது 2020க்கும் 2022க்கும் இடைப்பட்ட ஓர் ஏப்ரலில் இருக்கும். 2024 ஜூலையில் கடல் சூடேறி அது வெள்ளையாவதற்குள், அதற்குக் கிடைத்தவை மூன்று முதல் ஐந்து ஏப்ரல் இரவுகள். அந்த இரவுகளில் அது விட்ட முட்டைகளில் எத்தனை பிழைத்தன என்பதைப் பொறுத்தே, அடுத்த வெப்பம் வரும்போது அந்தப் பாறையில் வெளிறுவதற்கேனும் பவளங்கள் இருக்கும்.